பதில் சொல்வது யார்?

தமிழில் ‘பதில் சொல்லுதல்’ என்னும் தொடருக்கு இரு பொருள்கள் உண்டு. கேட்ட வினாவுக்கு விடை கூறுவது ஒன்று. செய்த செயலுக்குப் பொறுப்பேற்பது மற்றொன்று. சிறு குழந்தைகளின் கல்வியில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா என்னும் கேள்வி, இவ்விரு பொருள்களையும் வைத்து ஆராயத்தக்கது.

முதற்பொருளில் இப்பொறிகள் வல்லவை என்பதில் ஐயமில்லை. ஒரு சொல்லை நூறு முறை கேட்டாலும் சலிப்பின்றி உச்சரித்துக் காட்டும். ஐந்து வயதுக் குழந்தையின் ஓயாத ‘ஏன்’களுக்கு முகம் சுளிக்காமல் விடை தரும். இந்நன்மையை மறுப்பது நேர்மையன்று.

இரண்டாம் பொருளில் நிலை என்ன? ‘என் தோழி கெய்லா’ என்றொரு பேசும் பொம்மை மேலை நாடுகளில் விற்கப்பட்டது. குழந்தை கேட்பதற்கு இணையத்தின் வழியே விடை தேடிச் சொல்லும். அதன் புளூடூத் இணைப்புக்கோ காவல் ஏதுமில்லை. அருகிலுள்ள எவரும் தம் கைப்பேசியால் குழந்தையின் பேச்சைக் கேட்கலாம். பொம்மையின் வாயால் பேசவும் செய்யலாம். 2017 பிப்ரவரியில் ஜெர்மனியின் தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையம், அது மறைந்திருந்து ஒட்டுக்கேட்கும் கருவியே எனக் கூறித் தடை செய்தது. வாங்கியவர்கள் அதனைச் செயலிழக்கச் செய்யுமாறும் சொன்னது. 2023இல் அமெரிக்காவில், பெற்றோர் அழிக்கக் கோரிய பின்னும் அலெக்சா கருவி வழியே பதிவான குழந்தைகளின் பேச்சை முழுதும் அழிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில், அமேசான் நிறுவனம் 2.5 கோடி டாலர் தண்டம் செலுத்த இசைந்தது. கருவியின் மீது எவரும் வழக்குத் தொடரவில்லை. பதில் சொல்ல நேர்ந்தவர் மனிதரே.

குழந்தையின் நம்பிக்கை ஓர் அமானிதம். பொருளை அமானிதமாக வைத்தவர் பின்னொரு நாள் வந்து கணக்குக் கேட்பார். குழந்தையோ தான் எதைக் கொடுத்தோம் என்பதையே அறியாது. பொம்மையைத் தோழி என்று நம்பி மனத்தைத் திறந்துவிடுகிறது. கேட்க அறியாதவரின் உடைமைக்கன்றோ காவல் மிகுதியாக வேண்டும்?

ஆசிரியரும் பிழையாகச் சொல்வதுண்டே எனலாம். உண்மைதான். ஆயினும் அப்பிழையைக் குறித்து வாசலில் வந்து நின்று கேட்க அங்கே ஒரு மனிதர் இருக்கிறார். பொறியிடம் அவ்வாறு கேட்க இயலாது. ஆதலின், பெரியவர் ஒருவர் அருகிருந்து, அது கூறுவதைத் தாமும் கேட்டு, அதற்குத் தாமே பொறுப்பேற்பாராயின், அதனைக் கருவியாகக் கொள்ளலாம். நமக்கு நேரமில்லை என்பதற்காகவே குழந்தையை அதனிடம் தனியே ஒப்படைத்தல் தகாது.