தானா போனது தானா வரும்

எதையாவது ரிப்பேர் செய்கிற இடங்களில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும்: “இப்போ வேலை செய்யுது.” மிக்சி ரிப்பேர் கடைக்காரர் சொல்வார், டிவி மெக்கானிக் சொல்வார், நாங்களும் சொல்வோம். கேட்கிறவருக்கும் நிம்மதி, சொல்கிறவருக்கும் நிம்மதி. ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கண்முன் நடப்பதைச் சொல்கிறது: இந்த நிமிஷம் இது ஓடுகிறது. இன்னொன்று வாக்குக் கொடுக்கிறது: இனியும் ஓடும். முதலாவதைச் சொல்லக் கண் இருந்தால் போதும். இரண்டாவதைச் சொல்ல என்ன இருக்க வேண்டும்?

நான் மென்பொருள் எழுதுகிறவன். சில வருடங்களாக என் மேசை ஹார்ட்வேர் லேபுக்குள் கிடக்கிறது. கிடங்குகளில் சரக்கு எண்ணுகிறவர்கள் கையில் வைத்துக்கொள்ளும் கணினி ஒன்றைச் செய்கிறோம். பார்கோடு படிக்கும், கணக்கு வைக்கும், கீழே விழுந்தாலும் தாங்கும். அதன் மாதிரி போர்டுகளுக்கு உயிர் கொடுப்பதில் பாதி வேலை என்னுடையது.

புது போர்டு வந்தவுடன் யாரும் அதற்குக் கரண்ட் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு சப்ளை லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஷார்ட் இருக்கிறதா என்று பார்ப்போம். பிறகு பென்ச் சப்ளையில் 100 மில்லிஆம்பியரைத் தாண்டாதபடி வரம்பு வைத்து ஆன் செய்வோம். 3.3 வோல்ட் வருகிறதா, 1.8 வருகிறதா, சொன்ன வரிசையில் வருகிறதா, கிரிஸ்டல் துடிக்கிறதா, ரீசெட் விடுபடுகிறதா. எல்லாம் சரியென்றால் சீரியல் கேபிள் வழியாக என் திரையில் முதல் வரி வந்து விழும். எங்காவது ஷார்ட் என்றால் போர்டின் மேல் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தடவிவிட்டு, எந்த இடம் முதலில் காய்கிறது என்று பார்ப்போம். சூடாகிற இடம்தான் முதலில் காயும், அங்கேதான் வில்லங்கம்.

இதெல்லாம் நல்ல பிழைகள். எப்போதும் இருக்கிற பிழை நல்ல பிழை. கூப்பிட்டால் வரும், கேட்டால் பதில் சொல்லும். நம்மைச் சோதிப்பது வந்து வந்து போகிற பிழை.

எங்கள் முதல் செட்டில் 20 போர்டுகள். அதில் 7ஆம் எண் போர்டு முக்கால் மணி நேரம் ஓடும், சூடேறும், அப்படியே நின்றுவிடும். சில நாள் நிற்காது. ப்ராசசர் பக்கம் ஃப்ரீஸர் ஸ்ப்ரே அடித்துக் குளிர வைத்துவிட்டு ஆன் செய்தால் பழையபடி ஓடும். எல்லோருக்கும் ஒரே சந்தேகம்: ப்ராசசருக்கு அடியில் இருக்கும் நூற்றுக்கணக்கான சால்டர் உருண்டைகளில் ஏதோ ஒன்று சரியாக ஒட்டவில்லை. நியாயமான சந்தேகம்தான். ப்ராசசரின் மேல் ஹாட் ஏர் காட்டி, உருண்டைகளை மறுபடி உருக்கி உட்கார வைத்தோம். மூன்று நாள் இடைவிடாமல் ஓடியது.

“இப்போ வேலை செய்யுது” என்றேன். மேனேஜர் வந்தார். அவருடைய ஷீட்டில் இரண்டே கட்டங்கள்: திறந்தது, மூடியது. “மூடிடலாமா?” என்றார். எங்கள் டெக்னீஷியன் அண்ணா மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: “தானா போனது தானா வரும் சார்.”

“தானா எங்கே போச்சு? நீங்கதானே சூடு காட்டுனீங்க?”

“சூடு காட்டுனது நான்தான் சார். அதனாலதான் போச்சான்னு எனக்குத் தெரியாதே.”

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்கெல்லாம் தெரியும். தெரிந்திருந்தும், காக்கை நாமாக இருக்கும்போது அந்தக் கதை ஞாபகத்துக்கு வருவதில்லை. நான் கை வைத்தேன், பிழை போனது. ஆகவே என் கைதான் காரணம். இதை விட இனிமையான தர்க்கம் வேறு இல்லை. அண்ணா அன்று ஒரு துண்டுத்தாளில் எழுதி போர்டின் கவரில் ஒட்டினார்: “காரணம் தெரியாது. ஹாட் ஏர் காட்டிய பிறகு வரவில்லை.” தேதியும் போட்டார்.

11 வாரம் கழித்து, அலமாரியில் சும்மா கிடந்த அதே போர்டு மறுபடி நின்றது. அந்தத் துண்டுத்தாள் இருந்ததால் எங்களுக்கு ஒரு புதுக் கேள்வி கிடைத்தது. சால்டர்தான் பிரச்சினை என்றால், சூடு காட்டி ஒட்டியது ஏன் சும்மா இருக்கும்போது விட வேண்டும்? வேறு எது சூட்டில் சரியாகி, காலம் போகப் போகக் கெடும்?

ஒன்று இருக்கிறது. ப்ராசசரைச் சுற்றி எள்ளைப் போல உட்கார்ந்திருக்கும் செராமிக் கெபாசிட்டர்கள். ஒரு மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம். ப்ராசசர் திடீரென்று அதிகக் கரண்ட் இழுக்கும்போது வோல்டேஜ் தொய்யாமல் தாங்குவது இவற்றின் வேலை. இந்த வகைக் கெபாசிட்டருக்கு வயதாகும். உபயோகித்தாலும் சரி, அலமாரியில் கிடந்தாலும் சரி, அதன் கொள்ளளவு குறைந்துகொண்டே வரும். 10 மணி நேரத்திலிருந்து 100 மணி நேரத்துக்குள் சில சதவீதம், 100லிருந்து 1000க்குள் ஏறக்குறைய அதே அளவு. சுமார் 125 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் இளமை திரும்பிவிடும். ஹாட் ஏர் அதைத்தான் செய்திருந்தது. சில சதவீதம் என்பது சாதாரணமாக ஒன்றுமே இல்லை. ஆனால் எங்கள் போர்டில் அந்த இடத்துக்குத் தேவையான கெபாசிட்டன்ஸ் நூலிழை அளவில்தான் போதுமானதாக இருந்தது. நாங்கள் சந்தேகப்பட்ட சால்டர் உருண்டைகள் ஆரம்பத்திலிருந்தே ஒழுங்காக இருந்தன.

இதை எப்படி உறுதி செய்தோம்? நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு போர்டில் ஒரே ஒரு கெபாசிட்டரை எடுத்தோம். அதே மாதிரி நின்றது. திரும்ப வைத்தோம். ஓடியது. மறுபடி எடுத்தோம். நின்றது. அப்போதுதான் அண்ணா “சரி, பிடிச்சாச்சு” என்றார். கோடங்கி அடிக்கிறவர் பேயை ஓட்டிவிட்டேன் என்பார். திரும்ப வரவழைத்துக் காட்டுங்கள் என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. லேபில் கேட்க வேண்டும். ஒரு பிழையை விரட்ட முடிவது போதாது. நினைத்தபோது வரவழைக்கவும் முடிந்தால்தான் அது நமக்குத் தெரிந்த பிழை.

எங்களை விடப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 2008இல் ஓபன்மோகோ என்ற திட்டம் நியோ ஃப்ரீரன்னர் என்ற போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. போன் என்றாலும், லினக்ஸ் ஓடுகிற கையடக்கக் கணினி என்று சொல்வதே சரி. வாங்கிய பலருக்கு அதில் ஜிபிஎஸ் இடத்தைக் கண்டுபிடிக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. மெமரி கார்டைக் கழற்றினால் கண்டுபிடித்தது. ஜிபிஎஸ் சிக்னல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிறது. கல்யாண மண்டபத்தில் யாரோ கிசுகிசுப்பதைக் கேட்பது மாதிரி. கார்டுக்குப் போகும் க்ளாக் சிக்னலின் இரைச்சல் அந்தக் கிசுகிசுப்பை மூழ்கடித்தது.

“கார்டைக் கழட்டிட்டு யூஸ் பண்ணுங்க” என்று சொல்லி முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. கார்டு சும்மா இருக்கும்போது க்ளாக்கை நிறுத்தும்படியும், சிக்னலின் வலுவைக் குறைக்கும்படியும் மென்பொருளை மாற்றினார்கள். ஹார்ட்வேரில் அந்த லைனில் 10 பிகோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் சேர்த்தார்கள். காரணம் தெரிந்துவிட்டால் இப்படித்தான், ஒரே நோய்க்கு இரண்டு திசையிலிருந்து மருந்து கிடைக்கும். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று: ஆஸிலாஸ்கோப்பில் மாட்டும் சாதாரண ப்ரோப்பின் கெபாசிட்டன்ஸும் சுமார் 10 பிகோஃபாரட்தான். அப்படிப்பட்ட லைனில் ப்ரோப்பை வைப்பதே ஒரு கெபாசிட்டரை ஒட்டுவதற்குச் சமம். பார்க்கும்வரை பிழை அடங்கியிருக்கலாம், கையை எடுத்ததும் திரும்பலாம்.

அதே போனின் இன்னொரு பிழைக்கு அவர்கள் பட்டியலில் எண் 1024. மோடம் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனால் நெட்வொர்க்கை விட்டு விட்டுப் பிடித்தது. தூங்க விடாமல் வைத்தால் பிழை தெரியாது, ஆனால் பேட்டரி சீக்கிரம் தீரும். 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை எடுத்துவிட்டு 22 வைப்பதுதான் நிஜமான தீர்வு. போன் வைத்திருந்தவர்கள் சால்டரிங் அயனோடு கூடி உட்கார்ந்து மாற்றிக்கொண்டார்கள். அவர்களால் அது முடிந்ததற்குத் திறமை மட்டும் காரணம் இல்லை. அந்தப் பட்டியல் எல்லோர் பார்வைக்கும் திறந்து கிடந்தது. கையிலிருக்கும் போன் சொதப்பும்போது “இது நான் செய்த தப்பில்லை, இதற்கு 1024 என்று ஒரு எண் இருக்கிறது” என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த எண்ணைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். எங்கள் கருவியைக் கையில் வைத்திருக்கப்போகிறவரிடம் ஆஸிலாஸ்கோப் கிடையாது. மணிக்கு இத்தனை பெட்டி எண்ண வேண்டும் என்று அவருக்கு டார்கெட் இருக்கும். மத்தியான வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, கருவி இரண்டு நிமிஷம் நின்று மறுபடி ஓடும். சூப்பர்வைசர் வந்து பார்க்கும்போது நன்றாகவே ஓடும். கணக்கில் மூன்று பெட்டி குறையும். லேபில் நாங்கள் “மூடியது” என்று குறித்த கட்டம், அங்கே அவருடைய வார்த்தைக்கு எதிரான சாட்சியாக நிற்கும். கருவி சரி என்று கம்பெனியே சொல்லிவிட்டது. அப்படியானால் தப்பு யாருடையது?

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் பிரிட்டன் அஞ்சல் துறையில் நடந்ததைப் பாருங்கள். 1999இலிருந்து அதன் கிளைகளில் ஹொரைசன் என்ற கணினி அமைப்பு வந்தது. கணக்கில் பணம் குறைவதாகக் காட்டியது. கிளை நடத்தியவர்கள் உதவி கேட்டுப் போன் செய்தார்கள். உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை என்று பலருக்கும் பதில் கிடைத்தது. 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். அமைப்பில் பிழைகள் இருந்ததை 2019இல் லண்டன் உயர்நீதிமன்றம் சொன்னது. தீர்ப்புகளை ரத்து செய்ய 2024இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அத்தனை வருடமும் அந்த மனிதர்களுக்கு இல்லாமல் போனது ஒரு 1024.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. எங்கள் மேனேஜரே சொன்னார்: “எல்லாத்தையும் புரிஞ்சிக்கிட்டுத்தான் விப்போம்னா எதையும் விக்க முடியாது.” அவர் சொல்வது உண்மை. எந்த போர்டிலும் முழுக்கப் புரியாத மூலைகள் இருக்கும். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து 1846இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. நினைவு எப்படி அணைகிறது என்பது இன்றைக்கும் முழுதாகத் தெளிவாகவில்லை. அதற்காக யாரும் சிகிச்சையை நிறுத்தவில்லை. ஆனால் மயக்க மருந்து கொடுத்த டாக்டர் ஊசி போட்டுவிட்டு டீ குடிக்கப் போவதில்லை. நோயாளி விழிக்கும்வரை தலைமாட்டிலேயே நிற்கிறார். மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

எனக்கு விடை அங்கேதான் இருப்பதாகப் படுகிறது. தெரியாமல் இருப்பதில் குற்றம் இல்லை. தெரியாத விஷயத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, தெரிந்தது மாதிரி விலகிப் போவதில்தான் குற்றம் இருக்கிறது. அறியாமை அப்போது மறைந்துபோவதில்லை. எதிர்த்துப் பேச வசதி குறைந்தவரிடம் போய் சேர்கிறது, அங்கே அதற்குக் கவனக்குறைவு என்றோ திருட்டு என்றோ வேறு பெயர் வைக்கப்படுகிறது.

மேனேஜரின் ஷீட்டில் இப்போது மூன்றாவது கட்டம் ஒன்று சேர்ந்திருக்கிறது: “வரவில்லை, காரணம் தெரியாது.” அதில் எதையாவது எழுதுகிறவர் தன் பெயரையும் எழுத வேண்டும். அந்த வரிகள் கருவியோடு போகும் கையேட்டிலும் எளிய தமிழில் போக வேண்டும் என்று நானும் அண்ணாவும் கேட்டிருக்கிறோம். மார்க்கெட்டிங் ஆட்களுக்குச் சம்மதமில்லை. வாங்குகிறவன் பயந்துவிடுவான் என்கிறார்கள். பயப்படட்டும் என்று நான் சொல்லவில்லை. வாங்குகிற கம்பெனி ஒரு ஆள், தூக்கிக்கொண்டு நடக்கிறவர் இன்னொரு ஆள். இரண்டாமவர் “சார், இது அடிக்கடி நின்னு போகுது” என்று சொல்லும்போது, அவர் பொய் சொல்லவில்லை என்பதற்கு எங்கள் எழுத்தில் ஒரு வரி அங்கே இருக்க வேண்டும். அடுத்த வாரம் மறுபடி மீட்டிங் இருக்கிறது.