முதலடி வைப்பவரின் கணக்கு

மலையும் மலை சார்ந்த நிலமும் குறிஞ்சி என்பது நம் முன்னோர் வகுத்த பாகுபாடு. அப்பெயரைத் தாங்கிய நம் குறிஞ்சிப்பாடியிலோ மலையில்லை. வயலும் ஏரியும் தறியுமே உண்டு. பனியைக் கண்டிராத இம்மண்ணில் இருந்துகொண்டு பனிமலை வீரர் ஒருவரைப் பற்றிச் சிந்திப்பது பொருந்துமா? அவர் வாழ்க்கை எழுப்பும் கேள்வி மலைக்கு மட்டும் உரியதன்று; ஆதலால் பொருந்தும்.

இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் மணாலி. அதையடுத்த வசிஷ்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர், 1981இல் பிறந்த சிவ கேசவன். தந்தை கேரளத்தவர், தாய் இத்தாலியர். சிறுவயதில் பனிச்சறுக்குப் பழகிய அவர், பதின்வயதில் லூஜ் என்னும் விளையாட்டை மேற்கொண்டார். சிறு சறுக்குவண்டியில் கால்களை முன்னே நீட்டி மல்லாந்து படுத்து, பனிக்கட்டிப் பாதையில் மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் இறங்குவது அது. வண்டியில் பிரேக் கிடையாது. கெண்டைக்காலாலும் தோளாலுமே அதைத் திருப்ப வேண்டும்.

அவர் காலத்தில் இதற்கான பனிப்பாதை இந்தியாவில் இல்லை. எனவே வண்டிக்குச் சக்கரம் பூட்டி, லாரிகளும் ஆட்டு மந்தைகளும் செல்லும் இமயச் சாலைகளில் பயின்றார். 1998இல் நகானோ குளிர்கால ஒலிம்பிக்கில், 16 வயதில், இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்டு 28ஆம் இடம் பெற்றார். அதுமுதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக் போட்டிகள். அவற்றில் அவர் எட்டிய மிகச் சிறந்த இடம் 2006இல் தூரினில் பெற்ற 25. ஆசிய அளவில் தங்கம் வென்றவர்தாம். ஆயினும் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லை.

இங்கேதான் கேள்வி பிறக்கிறது. இருபது ஆண்டுகள் உயிரைப் பணயம் வைத்து உழைத்தும் 25ஆம் இடத்தைத் தாண்டாத வாழ்க்கை வீண்தானா? அதினும் கடியது மற்றொன்று. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் லூஜ் போட்டியில் இந்தியர் எவரும் இல்லை. பின்தொடர ஆளில்லாத வழியை வழி என்று அழைக்கலாமா?

முயற்சி என்பதாலேயே எல்லாம் புனிதமாகிவிடாது. தீமைக்கும் அயராது உழைப்போர் உண்டு. முதல்வர் என்னும் பட்டத்துக்காகவே முந்துவோரும் உண்டு. ஆகவே உழைப்பின் அளவை மட்டும் கொண்டு ஒருவரை நாம் போற்றிவிட முடியாது. எத்தகைய நிலையிலிருந்து புறப்பட்டார், யாருமில்லாத வேளையில் எப்படி நடந்துகொண்டார் என்பவற்றையும் கேட்டாக வேண்டும்.

2012 டிசம்பரில் பன்னாட்டு ஒலிம்பிக் குழு இந்திய ஒலிம்பிக் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. நிருவாகிகளின் தேர்தல் முறையில் நேர்ந்த பிழைக்கான விலையை வீரர்கள் கொடுத்தனர். 2014 பிப்ரவரியில் சோச்சியில் கேசவன் தம் நாட்டுக் கொடியின்றி, ஒலிம்பிக் கொடியின் கீழ்ப் போட்டியிட்டார். அவர் போட்டி முடிந்தபின்தான் தடை நீங்கியது. அதே சோச்சியில், பயிற்சியின்போது விரையும் வண்டியிலிருந்து சறுக்கி விழுந்தார். வண்டியைக் கைவிடாது பற்றி, ஓட்டத்திலேயே மீண்டும் ஏறிப் படுத்து, இறக்கத்தை முடித்தார். பதக்கப் பட்டியலில் இதற்கு இடமில்லை. ஆனால் மனிதரை அளக்கும் பட்டியலில் உண்டு.

பனிப்பாதையும் பயிற்றுநரும் பண வசதியும் உள்ள நாட்டவரோடு, சாலையில் சக்கர வண்டி ஓட்டிப் பயின்றவரை ஒரே கடிகாரம் அளக்கிறது. போட்டியில் அது நீதியே. ஆயிரத்தில் ஒரு நொடியையும் கணக்கிடும் விளையாட்டு அது. ஆனால் கடிகாரம் சொல்வது வேகத்தை மட்டுமே. ஒருவர் கடந்து வந்த தொலைவை அது சொல்வதில்லை.

நம் தெருக்களையே எண்ணிப் பார்ப்போம். தறியோசை கேட்கும் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் பெண் சராசரி மதிப்பெண் பெற்றுத் திரும்பினால், “இதற்காகவா இவ்வளவு செலவு?” என்கிறோம். மூன்று தலைமுறையாகப் படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வைத்த அளவுகோலையே அவளுக்கும் வைக்கிறோம். வழியில் நடப்பவருக்கும் வழியை வெட்டுபவருக்கும் ஒரே கூலி கணக்கிடுவது எவ்வகையில் அறமாகும்?

அவளுக்குப் பின் அத்தெருவிலிருந்து எவரும் செல்லவில்லையெனில், அது அவள் தோல்வியா? அன்று. அதைக் கண்டும் தம் பிள்ளைகளை அனுப்பாதோர் தோல்வி. துணை நில்லாத ஊரின் தோல்வி. முதலடி வைப்பவரின் கடமை அடி வைத்தலோடு நிறைவுறுகிறது. அதைப் பாதையாக்குவது பின்னே நிற்போரின் கடமை.

கேசவனுக்கு அர்ஜுனா விருது 2020இல் வழங்கப்பட்டது, நகானோவுக்குப் பின் 22 ஆண்டுகள் கழித்து. ஒருவர் ஓய்ந்தபின் பாராட்டுவது எளிது. ஓடிக்கொண்டிருக்கையில் உடன் நிற்பதே அரிது. நம் தெருவில் இன்று முதலடி வைத்துத் தடுமாறி நிற்பவர் யார்? அவருக்கு நாம் விருது அளிக்க வேண்டியதில்லை, “என்ன பயன்?” என்று கேளாதிருந்து, அடுத்த அடிக்குக் கைகொடுத்தாலே போதும்.