நட்டதெல்லாம் அறமாகுமோ?



இரவும் பகலும் எவருடைய புண்ணியம் வளர்ந்துகொண்டேயிருக்கும் என்று ஒரு தேவன் பகவான் புத்தரை வினவியதாகச் சம்யுத்த நிகாயத்து வனரோப சூத்திரம் கூறுகின்றது. சோலையும் தோப்பும் வைப்போர், பாலம் அமைப்போர், கிணறு அளிப்போர், தங்க இடம் ஈவோர் எனப் பகவான் எண்ணிக் காட்டினார். அம்மட்டோடு அவர் நிறுத்தவில்லை. அன்னோர் அறத்தில் நின்று சீலம் காப்பவராதல் வேண்டும் என்றும் அருளினார். நம்மில் பலர் முற்பகுதியை மட்டும் பற்றிக்கொண்டு, மரம் நடுதல் ஒன்றே புண்ணியம் எனக் கொள்கின்றோம்.

தேவிகுளம் மலைநாட்டை நோக்குவோம். உயர்ந்த சரிவுகளில் புல்வெளியும், அவற்றின் மடிப்புகளில் சோலைக்காடும் அமைந்திருப்பதே அம்மலையின் இயல்பு. மழைநீரை மண்ணில் தேக்கிக் கோடையிலும் ஊற்றாய் விடுவது இவ்விரண்டின் கூட்டுறவே. தேயிலை உலர்த்த விறகு வேண்டி அங்கே யூகலிப்டஸ் நட்டனர். தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் நட்டனர். வட்டவடை உழவர் சிலரும் கிராண்டிஸ் மரம் வளர்த்தனர். ஊற்றுகள் வற்றின, பூண்டும் கிழங்கும் விளையும் நிலங்கள் நீருக்கு ஏங்கின. இவையும் நட்ட மரங்களே அல்லவா? பிற உயிர்களின் நலத்தை எண்ணாது, இலாபக் கணக்கொன்றையே கொண்டு நட்டமையால், அவை தாகத்தையே விளைத்தன.

ஆனமுடிச்சோலை தேசியப் பூங்காவைச் சேர்ந்த பழத்தோட்டத்தில் 2019-இல் காட்டுத்தீ பரவி வாட்டில் காட்டை எரித்தது. அதன்பின் வனத்துறையினரோடு அவ்வூர் மக்களும் சேர்ந்து, முளைக்கும் வாட்டில் கன்றுகளைக் களைந்து, நாட்டுப் புல்வகைகளை நாற்றங்காலில் வளர்த்து நட்டனர். இவ்வேலை அவர்களுக்குக் கூலியும் தந்தது. வாட்டில் விதை மண்ணுள் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, தீப்பட்டதும் திரளாக முளைக்கும். உள்ளத்தில் மறைந்து கிடக்கும் அவாவும் அத்தகையதே. ஒருமுறை களைந்தால் போதாது, ஆண்டுதோறும் களைதல் வேண்டும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, அதே தேவிகுளம் வட்டத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் மாண்டன. தலைமுறைகளுக்கு முன் தமிழகத்தினின்று தேயிலை பறிக்கச் சென்ற குடும்பத்தினர் அவர்கள். மரங்கள் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர் எனக் கூற நாம் துணியோம். ஒற்றைக் காரணத்தால் எதுவும் நிகழாது என்பதன்றோ சார்பில் தோற்றம்? அன்று மழை அளவு கடந்தது. லயங்கள் சரிவின் அடியில் ஓடையருகே இருந்தன. வேறிடம் பெயர அவர்களுக்குச் சொந்த நிலம் இல்லை. மழையை நாம் தடுத்தல் இயலாது. மற்ற இரண்டும் மனிதர் செய்தவை. ஆதலின் மனிதரால் மாற்றத்தக்கவை.

அசோக மன்னர் தமது ஐந்தாம் தூண் கல்வெட்டில், காரணமின்றிக் காட்டை எரித்தலாகாது என ஆணையிட்டார். 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் தம்மம் ஏற்ற பாபாசாகேப் அம்பேத்கரோ, மனிதன் மனிதனோடு கொள்ளும் நேர்மையான உறவே தம்மத்தின் நடு என நமக்கு விளக்கினார். இவ்விரண்டையும் பிரித்தலாகாது. காட்டைக் காப்பதாகக் கூறி மலைக்குடிகளின் பிழைப்பைப் பறிப்பது, கொடாததைக் கொள்ளாமை என்னும் சீலத்தை மீறுவதாகும். கூலி குறைத்து நடுவித்த மரத்தின் நிழலும் அத்தகையதே.

அம்மலைகளில் ஊறும் பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியாகிக் கரூர்ச் சமவெளியை நனைக்கின்றது. மலையில் புல் நடும் கைக்குச் சமவெளியில் நீர் பருகுவோர் கடன்பட்டவராவர். ஆகவே, வைசாகத் திருநாளில் மரம் நடும் சங்கத்தினரே, நடுமுன் மூன்றைக் கேளுங்கள்: இது இம்மண்ணுக்கு உரியதா? இதனால் நீர் பெருகுமா? இதனைக் காக்கும் ஏழைக்கு இதில் உரிமை உண்டா? மூன்றிற்கும் ஆம் எனில் நடுங்கள். அப்புண்ணியமே இரவும் பகலும் வளரும்.

உயிர்களனைத்தும் துயர் நீங்கி வாழ்க!