விதை இல்லாதவையும் அவர் கைவேலையே



சாலமோன் லெபனோனின் கேதுரு மரத்தைப் பற்றி மட்டுமல்ல, சுவரில் முளைக்கும் ஈசோப்பைப் பற்றியும் பேசினார் என்று 1 அரசர்கள் நூலின் 4ஆம் அதிகாரம் சொல்கிறது. கடவுள் தந்த ஞானம் சுவரில் முளைக்கும் பூண்டையும் மதித்தது. இன்று நாமும் சுவரைப் பார்ப்போம்.

ஐப்பசி மழை இறங்கியதும் மரக்காணத்து உப்பளங்களில் வேலை நின்றுபோகிறது. பாத்திகளில் மழைநீர் தேங்குகிறது, வீடுகளில் கூலி வரவு நிற்கிறது. அதே மழையில்தான் நம் மதில்களிலும் கிணற்று விளிம்புகளிலும் பச்சைப்பாசி படர்கிறது. தாவரவியலார் மாஸ் என்று அழைக்கும் அந்தச் சிறு செடிக்குப் பூ இல்லை, காய் இல்லை, விதை இல்லை. உண்மையான வேர்கூட இல்லை. நூல் போன்ற இழைகளால் செங்கல்லைப் பற்றிக்கொள்கிறது. நீரை மேலே ஏற்றும் குழாய்கள் இல்லாததால் உடம்பெல்லாம் ஈரத்தை உறிஞ்சித் தரையோடு வாழ்கிறது. அதன் ஆண் அணு பெண் அணுவை அடைய நீரில் நீந்தியாக வேண்டும். பின்பு தூள் போன்ற ஸ்போர்களைக் காற்றில் விட்டுப் பரவுகிறது.

ஈரல் வடிவத் தாவரங்களும் கொம்பு வடிவத் தாவரங்களும் இதே பிரிவைச் சேர்ந்தவை. அடுத்த பிரிவில் பெரணியும் அதன் உறவுகளும் வருகின்றன. அவற்றுக்கு வேரும் நீர்க்குழாய்களும் உண்டு. விதை மட்டும் இல்லை. பெரணி இலையின் அடியில் காணும் பழுப்புப் புள்ளிகள் ஸ்போர்களைத் தாங்கும் பைகளின் கொத்துகள். உப்புநீர் ஏறி இறங்கும் கழிமுகச் சேற்றில் வளரும் பெரணியும் உண்டு.

நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னே வெறும் பாறையாய்க் கிடந்த நிலத்தில் முதலில் குடியேறிய தாவரங்கள் விதையில்லாதவையே. பாறையை மண்ணாக்கும் வேலையில் அவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. மாவும் மல்லிகையும் வெகுகாலம் கழித்து வந்தவை. கனி தரும் மரங்களுக்குக் கனி தராதவை நிலம் அமைத்தன. படைத்தவர் அப்படித்தான் தொடங்கினார்.

கொடைக்கானலுக்கு அருகே செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைத் துறவி ஜார்ஜ் ஃபோரோ, பழனிமலையின் மாஸ்களைத் தேடித் திரட்டி 1961இல் விரிவான கட்டுரை வெளியிட்டார். ஒரு மாஸ் பேரினத்துக்கு ஃபோரோயெல்லா என்று அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். பிள்ளையில்லாத துறவியின் பெயரை விதையில்லாத ஒரு செடி இன்றும் தாங்கி நிற்கிறது.

அன்பானவர்களே, நாமோ மனிதரைக் கனியை வைத்து அளக்கிறோம். பிள்ளை பெறாத பெண்ணை வளைகாப்புக்கு அழைக்கத் தயங்குகிறோம். மழைமாதங்களில் கையில் காசில்லாத தொழிலாளியை உதவாக்கரை என்கிறோம். உப்பில் உழைத்து உடல் தேய்ந்து வேலைக்குப் போக முடியாத பெரியவரைச் சுமை என்கிறோம். யோவான் நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் நிலைத்திருக்கும் கனியைப் பற்றிப் பேசும் ஆண்டவர், அதே மூச்சில் ஒருவரை ஒருவர் அன்பு செய்யும்படி கட்டளையிடுகிறார். அந்தக் கனியைத் தர முடியாதவர் நம்மில் யாரும் இல்லை.

கோடையில் கருகிக் கிடக்கும் பாசி செத்துவிடவில்லை. மழை பட்டால் பசுமை திரும்புகிறது. தளர்ந்து கிடக்கும் மனிதருக்கு அந்த மழையாக இருக்கும் பொறுப்பை ஆண்டவர் திருச்சபைக்குத் தந்திருக்கிறார்.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வளைகாப்பில் பிள்ளையில்லாத சகோதரியை முதலில் அழைத்து, அவர் கையால் வளையல் போடச் சொல்லுங்கள். இந்த மழைமாதத்தில் உங்கள் தெருவில் அடுப்பு எரியாத வீடு எது என்று பாருங்கள். அவர்கள் வாய்திறந்து கேட்குமுன் அரிசி கொண்டுபோய்க் கொடுங்கள். கனி இல்லை என்று எவரையும் தள்ளாதீர்கள். ஆமென்.