பூச்சாடியும் காணிக்கையும்



மரக்காணத்து உப்பு மீனைக் கெடாமல் காக்கிறது. அதே உப்புக் கரித்த தண்ணீரில் ரோஜாவை வைத்தாலோ சீக்கிரமே தலைசாய்ந்துவிடும். ஆதலால் இடையஞ்சாவடியில் பீடத்துக்குச் சாடி வைப்பவர்கள் முதலில் நல்ல தண்ணீர் தேடவேண்டும்.

அறுத்த பூ ஏன் வாடுகிறது? சாடித் தண்ணீரில் கிருமிகள் பெருகித் தண்டின் நுண்குழாய்களை அடைக்கின்றன. காற்றுக் குமிழியும் அடைக்கிறது. தண்ணீரில் நின்றபடியே பூ தாகத்தால் சாகிறது! கடையில் விற்கும் பூப்பொடியில் உணவுக்குச் சர்க்கரையும், நீரைப் புளிப்பாக்கச் சிட்ரிக் அமிலமும், கிருமியை அடக்க ஒரு மருந்தும் உண்டு. வீட்டில் 1 லிட்டர் தண்ணீருக்கு 2 தேக்கரண்டி சர்க்கரையும் சிறிது எலுமிச்சைச் சாறும் விட்டு, தண்ணீரைத் தினமும் மாற்றலாம். மாற்றச் சோம்பினால் சர்க்கரை கிருமிகளுக்கே விருந்தாகும். தண்டைச் சாய்வாகச் சீவி, நீரில் மூழ்கும் இலைகளைக் களைந்தால் ரோஜா இன்னும் சில நாள் நிற்கும். சம்பங்கியில் மேல்மொட்டுகளும் விரியும்.

இது தகுமா? சர்வேசுரனுக்குக் கொடுத்த பூ வாடுவதுதானே முறை, மருந்திட்டு நிறுத்துவது போலியன்றோ என்று சிலர் கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறுத்தவர்கள் நாம், தாகத்தில் விட நமக்கு ஏது உரிமை? பிளாஸ்டிக் பூவைத்தான் போலி என்பேன்.

என் மனதை உறுத்துவது வேறு. வாரந்தோறும் தன் கொல்லைப் பூவை முந்தானையில் முடிந்து வருகிற ஓர் ஏழைத் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். போன வாரத்து ரோஜா சாடியில் இன்னும் சிரிக்கிறது. "இந்த வாரம் வேண்டாமம்மா, பூ இருக்கிறதே" என்று சொல்லிவிடுகிறோம். மிச்சம் பிடித்தது யாருடைய காணிக்கையை? பூவின் ஆயுள் நீண்டது. அவளுடைய முறை போயிற்று. குற்றம் சர்க்கரைத் தண்ணீரின் மேல் இல்லை, அந்த "இருக்கிறதே"யின் மேல்தான்.

பீடத்தில் எல்லாவற்றையும் குவிப்பதற்கும் இல்லை. ரோமைத் திருப்பலிப் புத்தகத்தின் பொது விதிகள், 305-ஆம் எண்ணில், மலர் அலங்காரம் மிதமாகவும், பீடத்தின் மேலன்றி அதைச் சுற்றிலும் இருக்கட்டும் என்கின்றன. தபசுகாலத்தில், சில நாட்கள் நீங்கலாக, பீடத்துக்குப் பூவே கிடையாது. ஆகவே பழைய ரோஜாவை, சாடியோடும் சர்க்கரைத் தண்ணீரோடும், படுக்கையிலிருக்கும் நோயாளி ஒருவர் வீட்டுக்கு அனுப்புங்கள். பீடத்தருகே அந்தத் தாயின் பூவுக்கு இடம் விடுங்கள். அவள் ஞாயிறு காலையில் கொண்டுவருவது செம்பருத்தியானால் சாயங்காலத்துக்குள் கூம்பிவிடும். அதற்கு எந்த மருந்தும் பலிக்காது. ஒரு கிண்ணத்தில் வெறும் தண்ணீர் போதும்.