முளையாத விதை



"எத்தனை ஜெபம் செய்தோம் சாமி! பூசைக்கு வரவே மாட்டேன் என்கிறானே. அவன் ஆத்துமம் செத்தே போயிற்றா?" வளர்ந்த மகனைக் குறித்து இப்படிக் கேட்கும் பெற்றோர் ஒருவர் இருவர் அல்ல. இன்னொருவனுடைய ஆத்துமத்தைச் செத்தது என்று தீர்க்க நமக்கு உரிமை உண்டா? ஒரு சிறு பூண்டைக் கொண்டு பதில் சொல்லப் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துப் பாலைவனத்தில் பெக்டோகாரியா ரெகுர்வாட்டா என்ற ஓராண்டுச் செடி உண்டு. நம் வயலோரத்துத் தேள்கொடுக்குப் பூண்டுக்குத் தூரத்து உறவு. வெள்ளைப் பூ, கடுகளவுதான். குனிந்து தேடினாலொழிய கண்ணில் படாது. ஒரு பூவுக்கு நான்கு விதை. ஒவ்வொன்றும் வளைந்து, ஓரமெல்லாம் சீப்புப் போலப் பற்கள்.

அங்கே கோடையில் இடியோடு மழை கொட்டும். இந்த விதை அசையாது. அதை நம்பி முளைத்தால் வெயில் கருக்கிவிடும். குளிர்கால மழைக்கே முளைக்கும். அப்போதும் எல்லா விதையும் முளைப்பதில்லை! ஒரு பகுதி மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். பிறகு மழை பொய்த்தால், முளைத்தவை விதை பிடிக்காமலே மடியும். கிடந்தவை பின்வரும் ஆண்டுகளுக்கு மிஞ்சும். டூசான் நகரில் 1903-ல் நிறுவப்பட்ட பாலைவன ஆய்வுக்கூடத்து நிலத்தில், லாரன்ஸ் வெனபிள் என்ற அறிஞரும் அவருடைய துணைவரும் 1982 முதல் ஆண்டுதோறும் இத்தகைய செடிகளைப் பொறுமையாய் எண்ணி வந்தார்கள். எண்ணிப் பார்த்ததால் தெரிந்தது. வெறுந்தரையைப் பார்த்துவிட்டுப் போகிறவனோ, "இங்கே ஒன்றுமில்லை" என்பான்.

சாவான பாவம் தேவ இஷ்டப்பிரசாதத்தை இழக்கச் செய்யும். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஞானஸ்நானத்தின் முத்திரையைப் பாவத்தாலும் அழிக்க முடியாது என்பது திருச்சபையின் போதனை. பூசைக்கு வராத மகனிடமும் அது இருக்கிறது.

"அப்படியானால் நானும் பாவசங்கீர்த்தனத்தை அடுத்த பாஸ்குவுக்குத் தள்ளிப் போடலாமே" என்று ஒரு கெட்டிக்காரர் கேட்கக்கூடும். கூடாது, ஐயா! விதைக்குப் புத்தியுமில்லை, மனச் சுதந்தரமுமில்லை. உமக்கு இரண்டும் உண்டு. அழைப்பும் காதில் விழுந்துவிட்டது. உம்முடைய தாமதம் எத்தகையது என்று உமக்கே தெரியும். உம் மகனுடைய தாமதம் எத்தகையது என்று உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆகையால் இரவு ஜெபமாலையில் அவன் பெயரைச் சொல்ல மறவாதீர்கள். விடுமுறைக்கு அவன் வாசலில் வந்து நிற்கும்போது பூசைப் பேச்சை எடுக்க வேண்டாம். முதலில் சோறு போடுங்கள்.