மறுசுழற்சித் தாளும் திரவிய சுத்தியும்

பக்தி இதழ் ஒன்றைப் பழைய தாளைக் கூழாக்கிச் செய்த மறுசுழற்சித் தாளில் அச்சிடலாமா என்னும் வினா, பதிப்பகத்தாரின் வரவு செலவைச் சேர்ந்ததாகத் தோன்றினாலும், ஒரு பொருளின் தூய்மை எதில் இருக்கிறது என்னும் சமய வினாவையும் உள்ளடக்கியதாகும். எவர் எவர் கைபட்டதோ, எக்குப்பையில் கிடந்ததோ என்று அறியாத தாளின் கூழில் திருவுருவை அச்சிடுவது தகுமா என்பது ஒரு தயக்கம். திருவுருவம் அச்சான பழைய இதழைக் கூழாக்க அனுப்புவது பாவமாகாதா என்பது மற்றொன்று. கால் பட்ட காகிதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மக்களிடையே எழும் இவ்வினாக்களை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுதல் சோம்பலேயன்றி ஆராய்ச்சியாகாது.

முதல் தயக்கத்துக்குத் தருமநூல்களில் 'திரவிய சுத்தி', அதாவது தீட்டுப்பட்ட பொருள்களைத் தூய்மையாக்கும் முறை, என்றொரு பகுதியே உண்டு. மனுஸ்மிருதியின் 5ஆம் அத்தியாயம், மட்கலம் மீண்டும் சுடப்படுவதால் தூய்மையாகும் என்றும், பட்டு உவர்மண்ணால் தூய்மையாகும் என்றும் விதித்து, மது, மலம் முதலியவை பட்ட மட்கலத்துக்கு மட்டும் அச்சலுகையை மறுக்கிறது. அந்நூலின் சாதி விதிகளை அடியோடு மறுப்பவரும் (மறுக்கவே வேண்டும்) இப்பகுதியின் தருக்கத்தைக் கவனிக்கலாம்: பொருள் தன் பழைய வடிவை விட்டு, அதற்குரிய முறையில் புதுக்கப்பட்டால் பழைய தீட்டு அதைத் தொடர்வதில்லை.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளுக்கு இது புதிய செய்தியன்று. கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் முக்கி, புழு சுரந்த பசையை நீக்கிய பிறகே சாயம் ஏற்றுகின்றனர். அவ்வாறு செய்த பட்டே அம்மனுக்கும் சாத்தப்படுகிறது. நைந்துபோன பட்டுப்புடவையின் சரிகையை உருக்கி வெள்ளியைப் பிரித்தெடுப்பவரும் அப்புடவையை உடுத்தியவர் யார் என்று விசாரிப்பதில்லை. மை நீக்கும் ஆலையிலும் பழைய தாள் காரநீரில் ஊறிக் கூழாகி, சோப்பு நுரையோடு மைத்துகள் மேலே மிதந்து வழித்தெடுக்கப்படுகிறது. உணவு ஒட்டிய தாளையும் எண்ணெய் ஊறிய தாளையும் ஆலைகளே விரும்புவதில்லை என்பதால், மனுநூலின் அந்த விலக்கும் ஒருவாறு கடைப்பிடிக்கப்பட்டுவிடுகிறது.

இரண்டாம் தயக்கம் இன்னும் நுட்பமானது. ஆகம மரபில் உருவத்தில் இறைவனை எழுந்தருளச் செய்தல் 'ஆவாகனம்' எனப்படும்; விநாயகர் சதுர்த்தியில் களிமண் பிள்ளையாருக்கு ஆவாகனமும் பூசையும் முடித்து, விடை கொடுத்த பின் நீரில் கரைப்பது வழக்கம். பூசை பெற்ற திருமேனியே கரையலாம் எனில், ஆவாகனம் செய்யப்படாத அச்சுப்படம் கரையக்கூடாதென்பதற்கு வலுவான காரணம் இல்லை. சிதைந்த ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதையும், கரிவலம்வந்தநல்லூரில் நெருப்பிலிட்டதையும் உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் வருந்தி எழுதியிருப்பது, அந்த ஏடுகள் படியெடுக்கப்படாமலே அழிந்ததைப் பற்றியே. காஞ்சிப் புராணம் பாடிய சிவஞான முனிவர், சிவஞானபோதத்துக்கு எழுதிய பேருரையான மாபாடியத்தில் விரித்துரைக்கும் சற்காரியவாதமும் இதற்கு அரண் செய்கிறது: உள்ள பொருள் இல்லாமற் போவதில்லை, தன் காரணத்தில் ஒடுங்கி மீண்டும் தோன்றுகிறது என்பதே அக்கொள்கை.

கரூர் மாவட்டம் காகிதபுரத்தில், 1979இல் அமைக்கப்பெற்ற தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்வதோடு, கழிவுத் தாளிலிருந்து மை நீக்கிக் கூழ் எடுக்கும் பிரிவையும் கொண்டுள்ளது. ஆகவே சாத்திரமோ தொழில்நுட்பமோ தடையாக நிற்பதாகக் கூற இயலாது. ஒவ்வொரு முறை கூழாகும்போதும் நார் குறுகுவதால் புதுக்கூழும் ஓரளவு கலக்கவேண்டியிருக்கும். வெண்மையும் சற்றுக் குறையலாம். பக்தி இதழ் நடத்துவோர் உண்மையில் அஞ்சவேண்டியது, பளபளப்புக்காக அட்டைப்படத்தின்மேல் ஒட்டப்படும் பிளாஸ்டிக் படலத்துக்கே. அது ஆற்றிலும் கரையாது, ஆலையிலும் கூழாகாது.